ஜெபித்துவிட்டுச் சொல்கிறோம்

பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடித்து முடித்து, வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டே சொல்லும் வார்த்தைகளை நான் நாற்பது வருஷமாகக் கவனித்து வருகிறேன். மற்ற வீடுகளில் "கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்பார்கள். கலந்து பேச வேண்டிய பெரியப்பா, சித்தி, தாய்மாமன் எல்லோரும் அதே வேனில் வந்து அதே கேசரியைத் தின்றுவிட்டு நிற்பதால் அந்தப் பொய் அங்கேயே பல்லிளித்துவிடும். எங்கள் கிறிஸ்தவ வீடுகளில் அந்தச் சங்கடம் கிடையாது. "ஜெபிச்சிட்டுச் சொல்லுதோம்" என்று ஒரே வார்த்தை. பெண் வீட்டாரும் "ஆமா ஜெபிங்க, நாங்களும் ஜெபிக்கோம்" என்று கைகூப்பி வழியனுப்புவார்கள். அதற்குமேல் துருவிக் கேட்பது விசுவாசக் குறைவு.

இந்த வாசகத்தை முதலில் கண்டுபிடித்த பெரியவர் யாரென்று தெரிந்தால் அவருக்குப் பாளையங்கோட்டையில் ஒரு சிலை வைக்கலாம். எங்கள் உபதேசத்தில் சிலை ஆகாது என்பதால் ஒரு கல்வெட்டாவது வைக்கலாம்.

என் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமச் சபை ஒன்றில் உபதேசியார். அப்பா சபைக் கமிட்டியில் இருந்தவர். ஆகவே கிறிஸ்தவப் பிள்ளைகள் துணையைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பெரியவர்கள் வழிகாட்டுவதைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டே வளர்ந்தவன் நான். அதன் மேன்மையைப் பற்றி யாரும் சரியாக எழுதவில்லை என்ற குறை எனக்கு ரொம்ப நாளாக உண்டு.

முதலில் அந்த மறுப்பின் அழகைச் சொல்ல வேண்டும். பெண் கொஞ்சம் நிறம் குறைவு, நகை பத்துப் பவுன் குறைவு, பெண்ணின் அண்ணன் எங்கேயோ காதலித்துக் கட்டிக்கொண்டான், காரணம் எதுவாகவும் இருக்கட்டும். ஒரு வாரம் கழித்துப் போனில் வரும் பதில் ஒன்றுதான். "எங்களுக்குச் சமாதானம் இல்லைங்க. தேவசித்தம் இல்லைன்னு கர்த்தர் காட்டிட்டார்." இந்து வீடுகளில் இந்த வேலைக்கு ஜோசியர் தேவை. அவருக்குப் பிறந்த நேரம் வேண்டும், பஞ்சாங்கம் வேண்டும், பத்துப் பொருத்தம் வேண்டும், வெற்றிலையில் வைத்துத் தட்சிணையும் வேண்டும். அப்படியும் அவர் ரஜ்ஜு தட்டுகிறது என்றால் பெண்ணைப் பெற்றவர் அதே ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு சங்கரன்கோவில் ஜோசியரிடம் போய் "தட்டவில்லை" என்று எழுதி வாங்கிவிடலாம். எங்கள் பெரியவர்களுக்குக் கிடைக்கும் சமாதானத்தை எந்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சரிபார்ப்பது? செலவில்லாதது, மேல்முறையீடு இல்லாதது. பழி மாப்பிள்ளை வீட்டுக்கும் இல்லை, பெண் வீட்டுக்கும் இல்லை. நேராக மேலே போய்விடுகிறது. மேலே இருப்பவர் மற்றவர்களுடைய பழியைச் சுமந்து பழகியவர்.

சமாதானம் போதாதவர்களுக்கு அடையாளம் இருக்கிறது. என் சித்தப்பா ஒருவர் கிதியோன் முறையில் தேர்ந்தவர். கிதியோன் களத்தில் ஆட்டுத்தோலைப் போட்டு, தோல் மட்டும் நனைய வேண்டும், தரை காய்ந்திருக்க வேண்டும் என்று கேட்டார். அது நடந்ததும் மறுநாள் அதையே மாற்றிக் கேட்டார். சித்தப்பா தன் மூத்த மகளுக்கு வந்த வரனை இப்படித்தான் சோதித்தார். சனிக்கிழமைக்குள் பையன் வீட்டார் போன் செய்தால் சித்தம் என்று வைத்தார். வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்துவிட்டது. ஆனால் பையனுக்குத் தனியார் பள்ளியில் வேலை. கிதியோன் மாற்றிக் கேட்கவில்லையா? சித்தப்பாவும் மாற்றிக் கேட்டார்: இனி ஒரு வாரம் போன் வராமல் இருந்தால்தான் சித்தம். பாவம், அந்தப் பையனின் அம்மா மறுநாள் மறுபடியும் கூப்பிட்டுவிட்டார். அடுத்து வந்த வரனுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் நிரந்தர வேலை. அதற்குச் சித்தப்பா அடையாளமே கேட்கவில்லை. "இவ்வளவு தெளிவா வழி திறந்திருக்கும்போது அடையாளம் கேட்கிறது தேவனைச் சோதிக்கிறது மாதிரி" என்றார். சித்தப்பாவுக்கு வேதத்தில் இருந்த தேர்ச்சி பல போதகர்களுக்கு இல்லை.

வாலிபர்களையும் எங்கள் சபைகள் கைவிடவில்லை. வருஷத்துக்கொரு வாலிபர் முகாம். அதில் ஒரு நாள் மத்தியானம் "டேட்டிங்" பற்றிய செய்தி கட்டாயம். நான் போன முகாமில் சென்னையிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் இரண்டு மணி நேரம் டேட்டிங்கைக் கிழித்துத் தொங்கவிட்டார். சினிமாத் தியேட்டர், கார் சாவி, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இரவு விருந்து, நடன அரங்கு என்று அவர் ஒவ்வொன்றாக எச்சரிக்க எச்சரிக்க, எதிரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்த நாற்பது பையன்களும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். கோவிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று உட்காரும் ஊர்க்காரர்கள். அதில் பாதிப் பேர் அதுவரை ஒரு பெண்ணிடம் பாட்டுப் புத்தகம் கேட்டதுகூட இல்லை. நோய் வருமுன் காப்பது என்பது இதுதான். என்ன, அந்த நோய் இப்படியெல்லாம் இருக்கும் என்று அந்தப் பையன்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிரசங்கியார் கையில் அமெரிக்கப் புத்தகம் ஒன்று இருந்தது. ஜோஷுவா ஹாரிஸ் என்பவர் இருபதுகளின் தொடக்கத்தில், இன்னும் கல்யாணம் ஆகாத பிரம்மச்சாரியாக இருந்தபோது எழுதியது. டேட்டிங்குக்கு விடைகொடுத்துவிட்டேன் என்பதுபோல் தலைப்பு. 1997-இல் வந்து பத்து லட்சம் பிரதிகளுக்குமேல் விற்றது. அதை எழுதியவரே பிறகு, அதனால் புண்பட்டவர்கள் பலர் என்று மன்னிப்புக் கேட்டு, 2018-இல் இனி அதை அச்சிட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த வருஷம், தான் இப்போது கிறிஸ்தவனே இல்லை என்றும் அறிவித்தார். எங்கள் ஆட்கள் அவரைப் போலச் சபலபுத்தி உள்ளவர்கள் அல்ல. எழுதியவர் விட்டுவிட்ட பிறகும் நாங்கள் விடவில்லை. இப்போதும் முகாம்களில் அதிலிருந்து குறிப்பெடுத்துப் பேசுகிறார்கள்.

முகாமில் எல்லோரும் எல்லோருக்கும் பிரதர், சிஸ்டர். இந்த ஏற்பாட்டின் நுட்பம் எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. பத்து வருஷம் ஒருத்தியை வாய் நிறைய "சிஸ்டர்" என்று கூப்பிட்டவன் பதினோராவது வருஷம் அவள் அப்பாவிடம் போய் என்னவென்று பெண் கேட்பான்?

அப்படியும் கேட்டுவிடுகிறவர்களுக்கு இருக்கவே இருக்கிறது அந்நிய நுகம். விசுவாசி அவிசுவாசியோடு ஒரே நுகத்தில் பூட்டப்படக் கூடாது என்று கொரிந்து சபைக்குப் பவுல் எழுதினார். பவுலுக்கு நம்மூர் தெரியாது; அதனால் அந்நியம் என்ற சொல்லுக்கு அவர் விளக்கம் எழுதாமல் விட்டுவிட்டார். அந்தக் குறையை எங்கள் பெரியவர்கள் நிரப்பினார்கள். அதே சபையில் ஞானஸ்நானம் எடுத்து, அதே பாத்திரத்தில் திருவிருந்து வாங்கி, அதே பாடகர் குழுவில் பாடுகிற பையன் கீழத்தெருக்காரன் என்றால் அவன் அந்நியன். நான்கு தலைமுறையாகச் சாமி கும்பிட்டு வருகிற, ஆனால் நம் ஆட்களான ஒரு வீட்டுப் பையன் கல்யாணத்துக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் முழுக்கு எடுத்து, சட்டை காய்வதற்குள் சாமுவேல் என்றோ ஜேக்கப் என்றோ ஆகிவிட்டால் அவன் சகோதரன். தாமிரபரணித் தண்ணீருக்கு அத்தனை வல்லமை உண்டு. சில தெருக்காரர்கள் மேல் மட்டும் அது நூற்றைம்பது வருஷமாக வழிந்தோடியும் ஒட்டுவதில்லை. தண்ணீரைக் குற்றம் சொல்ல முடியாது.

கிறிஸ்தவ மணமேடை விளம்பரங்களை நான் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் பக்தியோடு படிப்பவன். "மறுபடியும் பிறந்த, அபிஷேகம் பெற்ற, ஊழிய பாரமுள்ள மணமகன் தேவை, அதே பிரிவு மட்டும்." நிக்கொதேமு ராத்திரியில் இயேசுவிடம் வந்து, முதிர்ந்தவன் எப்படி மறுபடியும் பிறப்பான் என்று கேட்டுக் குழம்பினார். இந்த விளம்பரங்களைப் படித்திருந்தால் குழம்பியிருக்க மாட்டார். மறுபடியும் பிறக்கிறவர்கள் ஒருவர்கூடத் தவறாமல் அதே சாதியிலேயே பிறக்கிறார்கள்.

இது நேற்றைக்கு வந்த ஞானம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் இனி கூடாது என்று தென்னிந்தியச் சபைகளுக்கு உத்தரவு எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் எத்தனையோ பேர் சாதியை விடுவதைவிடச் சபையை விடுவது எளிது என்று வெளியேறிப் போனார்கள். கொள்கைப் பிடிப்பு என்றால் அது. எங்கள் மாவட்டத்து வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கத்தோலிக்கக் கோவில் இன்னும் சிறப்பு. வேளாளருக்கு ஒரு கூடம், நாடாருக்கு ஒரு கூடம், இரண்டும் போய்ச் சேருகிற இடத்தில் ஒரே பீடம். மேலிருந்து பார்த்தால் கால்சட்டை மாதிரி இருக்கும். கடவுள் ஒருவரே என்ற உபதேசத்துக்கும் பழுதில்லை, தெருவின் மரியாதைக்கும் பழுதில்லை. 1910-இல் ஒரு பாதிரியார் நடுச்சுவரை இடித்துப்போட்டார். கோர்ட் வரைக்கும் வழக்குப் போயும் சுவர் திரும்ப எழும்பவில்லை. செங்கல் சுவருக்கு அதுதான் கதி. பெரியவர்கள் அப்போதே புரிந்துகொண்டு, இடிக்க முடியாத இடத்தில் சுவரை வைத்துவிட்டார்கள். இப்போது ஒரே கூடத்தில் எல்லோரும் தோளோடு தோள் உட்கார்ந்து பாடுகிறோம். ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போய் வரன் பார்க்க உட்காரும்போது மட்டும் கால்சட்டையை மாட்டிக்கொள்கிறோம்.

அந்த 1872-ஆம் வருஷமேதான் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டமும் வந்தது. வெள்ளைக்காரன் சட்டம், விவரம் போதாது. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் வயது ஆகியிருக்க வேண்டும், ஏற்கெனவே கட்டிய துணை உயிரோடு இருக்கக் கூடாது, சாட்சிகள் முன்னால் இன்ன உறுதிமொழி சொல்ல வேண்டும் என்று கேட்டுவிட்டு நின்றுவிட்டது. வயதுகூட அன்றைக்குப் பதினாறும் பதின்மூன்றும். இருபத்தொன்றும் பதினெட்டும் பின்னால் வந்தவை. எந்தத் தெரு என்று ஒரு கட்டம்கூடச் சட்டத்தில் கிடையாது. அந்தக் கட்டத்தை எங்கள் ஆட்கள் மனசிலேயே வைத்து நிரப்பிக்கொள்கிறார்கள்.

வேதத்தில் இதற்கெல்லாம் ஆதாரம் இல்லை என்று வாலிபப் பிள்ளைகள் சிலர் வாதாடுவதுண்டு. ஏன் இல்லை? ஆபிரகாம் தன் மகன் ஈசாக்குக்குக் கானானியர் வீட்டில் பெண் எடுக்க வேண்டாம், என் இனத்தாரிடம் போ என்று ஊழியக்காரனை அனுப்பவில்லையா? இந்த அதிகாரத்தை எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் பிரசங்கிக்காத ஐயர் (எங்களுக்குப் போதகர்தான் ஐயர்) கிடையாது. அதே வேதத்தில் யோசேப்பு எகிப்தியக் கோவில் பூசாரியின் மகளைக் கட்டியதும், மோசே எத்தியோப்பியப் பெண்ணைக் கட்டியபோது அதைக் குறைசொன்ன அவர் அக்காள் மிரியாம் குஷ்டம் பிடித்து ஏழு நாள் பாளயத்துக்கு வெளியே கிடந்ததும், மோவாபியப் பெண்ணான ரூத் தாவீது ராஜாவுக்குக் கொள்ளுப்பாட்டி ஆனதும் கல்யாண வீட்டுக்கு நீளம் அதிகம். பந்தி ஆறிவிடும்.

சிம்சோன் கதையைப் பாதியில் நிறுத்துவதில்தான் எங்கள் பெரியவர்களின் கைப்பக்குவம் தெரியும். சிம்சோன் திம்னாத்தில் பெலிஸ்தியப் பெண் ஒருத்தியைப் பார்த்துவிட்டு வந்து அவளையே கட்டுவேன் என்கிறான். நம் ஜனத்தில் உனக்குப் பெண்ணே இல்லையா என்று தாயும் தகப்பனும் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியோடு பைபிளை மூடிவிட வேண்டும். மூட மறந்தால் அடுத்த வசனத்தில், இது கர்த்தரால் வந்த காரியம், அது பெற்றவர்களுக்குத் தெரியவில்லை என்று வரும். என் அப்பா இந்தக் கதையை எனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். அந்த அடுத்த வசனத்தை நானாகப் படித்தபோது எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்துவிட்டன.

இனிச் சீதனம். இந்த விஷயத்தில் எங்களைப் போலக் கூச்ச சுபாவம் உள்ளவர்கள் உலகத்தில் இல்லை. 1961-இல் வரதட்சணைத் தடைச் சட்டம் வருவதற்கு முன்பிருந்தே நாங்கள் வாயைத் திறந்து எதையும் கேட்பதில்லை. "கர்த்தர் உங்களை எப்படி ஏவுதாரோ அப்படிச் செய்யுங்க" என்று விட்டுவிடுவோம். கர்த்தர் மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரித்துவிட்டே ஏவுவார் போலிருக்கிறது. பள்ளிக்கூட வாத்தியாருக்கு ஐம்பது பவுன் ஏவுகிறார், என்ஜினீயருக்கு நூறு, டாக்டர் என்றால் ஏவுதல் அளவில்லாமல் பெருகி ஒரு காரும் வந்து நிற்கிறது. ஒரு தரம் பெண்ணைப் பெற்ற ஒருவர், ஏழை மனுஷன், "எனக்கு முப்பது பவுன்தான் ஏவுதல் வருது" என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் கோபப்படவே இல்லை. "இன்னும் கொஞ்சம் ஜெபிங்க" என்றார்கள்.

தமிழ் பைபிளை மொழிபெயர்த்தவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் அஜாக்கிரதையாக இருந்துவிட்டார்கள். பெண்ணுக்காக மாப்பிள்ளை கொடுக்கிறதற்குப் பரிசம் என்று நம்மூர்ச் சொல்லையே போட்டுவிட்டார்கள். ஈசாக்குக்குப் பெண் எடுக்கப் போன ஊழியக்காரன் பத்து ஒட்டகத்தில் சாமானை ஏற்றிக்கொண்டு போய், ரெபெக்காளுக்குப் பொன் காதணியும் கடகமும், அவள் அண்ணனுக்கும் தாய்க்கும் விலையேறிய வஸ்துக்களும் கொடுக்கிறான். யாக்கோபு ராகேலுக்காக மாமனார் வீட்டில் ஏழும் ஏழும் பதினாலு வருஷம் ஆடு மேய்த்தான். இதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொண்டால் நம்மூர் மாப்பிள்ளைகள் என்னாவார்கள்? ஆனால் தேடினால் கிடைக்காதது வேதத்தில் எது? எகிப்து ராஜாவான பார்வோன், கேசேர் என்ற பட்டணத்தைப் பிடித்து, கொளுத்தி, குடிகளைக் கொன்று, அந்த ஊரைச் சாலொமோனுக்கு வாழ்க்கைப்பட்ட தன் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தான் என்று ராஜாக்கள் புத்தகத்தில் இருக்கிறது. ஆக, ஈசாக்குக் கதையைப் பிரசங்கத்துக்கும் பார்வோன் கதையை நடைமுறைக்கும் வைத்துக்கொண்டிருக்கிறோம். இரண்டுமே வேதம்தான்.

ரெபெக்காளைப் பற்றி இன்னும் ஒன்று. தாகத்தோடு வந்த ஒட்டகம் ஒரே மூச்சில் நூறு லிட்டர் வரை குடிக்கும். பத்து ஒட்டகம் என்றால் ஆயிரம் லிட்டர். அவ்வளவையும் கிணற்றில் இறங்கி இறங்கிக் குடத்தில் மொண்டு ஊற்றியவள் அந்தப் பெண். இன்றைக்கு எந்த மாமியாருக்கும் பிடித்துப்போகிற பகுதி இது. சமைக்கத் தெரியுமா என்ற கேள்விக்கு ஆதாரவசனம் இதுவே. அந்த அதிகாரத்தின் கடைசியில் இன்னொன்றும் நடக்கிறது. வீட்டார் எல்லாம் பேசி முடித்த பிறகும், பெண்ணைக் கூப்பிட்டு அவள் வாயாலேயே கேட்போம் என்கிறார்கள். இந்த மனுஷனோடு போகிறாயா என்று அவளைக் கேட்கிறார்கள். போகிறேன் என்கிறாள். அதற்கப்புறம்தான் ஒட்டகத்தில் ஏறுகிறாள்.

எங்கள் சபைகளிலும் பெண்ணைக் கேட்காமல் கல்யாணம் நடப்பதே இல்லை. ஐயர் கேட்பார், பெண்ணின் பெயரைச் சொல்லி, சத்தமாக, பீடத்துக்கு முன்னால் நிற்க வைத்து, எண்ணூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கேட்பார். மண்டபத்தில் பிரியாணிக்குத் தம் போட்டிருப்பார்கள், வீடியோக்காரர் விளக்கை முகத்தில் அடித்துக்கொண்டிருப்பார், அப்பா வாங்கிய கடன் பத்திரத்தில் கையெழுத்துக் காய்ந்திருக்கும். அந்த நேரத்தில், எந்த வற்புறுத்தலும் இல்லாமல், அவளுடைய சம்மதம் முழு மனசோடு பெறப்படுகிறது. என் அறிவுக்கு எட்டியவரை இல்லை என்று சொன்ன பெண் ஒருத்திகூடக் கிடையாது. கத்தோலிக்க உறவினர்களுக்கு இதில் கூடுதல் வசதி. துணையைப் புரிந்துகொள்வது எப்படி என்று இரண்டு மூன்று நாள் வகுப்பே உண்டு. அந்த வகுப்பு, பத்திரிகை அடித்து, மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்து, புடவை எடுத்து முடித்த பிறகு நடக்கும். அதற்கு முன்னால் நடத்தினால் பிள்ளைகள் தேவையில்லாமல் யோசிப்பார்கள்.

கல்யாணம் ஆகாதவர்களையும் நாங்கள் மறப்பதில்லை. பவுல் தனியாக இருந்தார், தனியாக இருப்பது நல்லது என்றும் எழுதினார் என்று வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் வரும். மற்ற ஐம்பத்தொரு ஞாயிற்றுக்கிழமையும் கோவில் வாசலில் அவர்களை நிறுத்தி "உனக்கு எப்பம்மா நல்ல காரியம்?" என்று பரிவோடு விசாரிப்போம்.

எங்கள் பெரியம்மா மகள் ஒருத்தி இருக்கிறாள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் வாத்திச்சி வேலை பார்த்து இப்போதுதான் ஓய்வு. பாடகர் குழுவில் பதினேழு வயதிலிருந்து பாடுகிறாள். அவள் இருபத்தாறு வயதில் அதே பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்த ஒருவர், குடி கிடையாது, புகை கிடையாது, கூட்டுறவு வங்கியில் வேலை, ஒழுங்காக ஐயரைக் கூட்டிக்கொண்டு வந்து பெரியப்பாவிடம் பெண் கேட்டார். காதல் என்று ஊர் பேசும்படி ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ஒரே பாட்டுப் புத்தகத்தை இரண்டு பேர் பார்த்துப் பாடியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பெரியப்பா எழுந்து நின்று அவரை வரவேற்றார், காப்பி கொடுத்தார், கிளம்பும்போது தோளில் கை போட்டுக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தார்.

"ஜெபிச்சிட்டுச் சொல்லுதோம் தம்பி."

மூன்று வாரம் ஜெபித்தார்கள். உபவாசம்கூட இருந்தார்கள், பெரியம்மாவுக்குச் சர்க்கரை இருந்ததால் மத்தியானத்தோடு முடித்துக்கொண்டார். சமாதானம் வரவில்லை. அவர் எந்தத் தெரு என்பதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நான் இன்றைக்கும் பெருமையாக நினைக்கிறேன். கர்த்தரே அதைப் பார்த்துக்கொண்டார். அக்காவிடம் "கர்த்தர் உனக்கு வேறொண்ணு வச்சிருக்கார்" என்று பெரியப்பா சொன்னார். அவள் சரி என்றாள். அப்புறம் வந்த வரன்கள் ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று தட்டிப்போனது. நகை, வயது, அப்புறம் வயது மட்டும். பெரியப்பா கடைசிவரைக்கும் அவளுக்காக ஜெபித்தார். மரணப் படுக்கையில்கூட அவள் பெயரைச் சொல்லி ஜெபித்தார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்லவே முடியாது.

பெண் கேட்டு வந்தவர் இரண்டு வருஷம் கழித்து நாசரேத் பக்கம் பெண் கட்டினார். இன்றைக்கும் அதே சபைதான். பாடகர் குழுவை விட்டுவிட்டார். ஆண்கள் பக்கத்தில் நான்காவது வரிசையில் உட்காருகிறார்.

போன மாதம் அவர் மகளுக்கு ஓலை வாசித்தார்கள். ஓலை வாசிக்கிற வழக்கம் எங்களுக்கு ரொம்பப் பழையது. 1215-இல் லாத்தரன் சங்கத்தில் மேல்நாட்டுச் சபை முழுவதற்கும் சட்டமாக்கியது. மூன்று ஞாயிறு, மூன்று ஓலை. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, இதற்கு யாருக்காவது நியாயமான தடை தெரிந்தால் சொல்லலாம் என்று ஐயர் கேட்பார். பிரசங்கத்தில் தூங்குகிறவர்கள்கூட ஓலைக்கு விழித்துக்கொள்வார்கள். மாப்பிள்ளை திருச்சியில் எல்.ஐ.சி.யில் வேலை, அதே பிரிவு, நல்ல இடம்.

ஐயர் வாசித்து முடித்து, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகச் சபையைப் பார்த்தார். பாடகர் குழுவில் அக்கா முன்வரிசையில் நின்றிருந்தாள். கையில் பாட்டுப் புத்தகம், அடுத்த பாட்டு ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தது, ஆனாலும் புரட்டிக்கொண்டிருந்தாள். நான்காவது வரிசையில் அவர் குனிந்து செருப்பையோ எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். மேலே மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. இருநூற்றைம்பது பேர் உட்கார்ந்திருக்கிற கோவில், ஒருவருக்கும் ஒரு ஆட்சேபணை இல்லை. எங்கள் சபையின் ஒருமனத்தை அந்த நேரத்தில் பார்க்க வேண்டும்.

"இது மூன்றாவது ஓலை" என்றார் ஐயர். ஆர்கன் தொடங்கியது. அக்கா முதல் ஆளாகச் சுருதி பிடித்தாள்.